கம்பத்தில் கோளாறு, பழி வயரிங்குக்கு

ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போய்விட்டது. இன்வெர்ட்டரின் சார்ஜர் பலகை கருகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் எங்கள் வீட்டுக்கு வெளியே, கம்பத்தின் உச்சியில் உப்புப் பூத்துக் கிடந்த ஓர் இணைப்பு. ஓர் ஆளை அங்கே ஏறிப் பார்க்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

குமரி மாவட்டத்தில், கருங்கல் ஊருக்கும் கடற்கரைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். சாயங்காலம் விளக்கு மங்குவதும் மிக்சி முனகுவதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. இம்முறை நடந்தது வேறு. பக்கத்து வீட்டில் மங்கும்போது எங்கள் பல்புகள் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தன. எங்களுக்கு மங்கும்போது அவர்களுக்குப் பளிச்சிட்டது. உங்கள் தெருவில் இப்படி நடந்தால் முதலில் ஃபிரிட்ஜையும் டிவியையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். மேசையில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "வீடு எத்தனை வருடப் பழசு டீச்சர்?" முப்பது இருக்கும் என்றேன். "அப்படியென்றால் வயரிங்தான். நல்ல எலக்ட்ரிஷியனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்." விசாரணை அத்துடன் முடிந்தது. பக்கத்து வீட்டிலும் இதே தொல்லை என்றால், அவர்கள் வந்து சொல்லட்டும் என்றார். பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்றால், வீட்டு வயரிங்கை எல்லாம் பதிவேட்டில் எழுத முடியாதாம்.

திங்கள்நகரிலிருந்து ஓர் எலக்ட்ரிஷியனை வரவழைத்தேன். கூலி என் கையிலிருந்துதான். ஆனால் அந்த மனிதர் செய்த சோதனைதான் கடைசி வரை என்னைக் காப்பாற்றியது. முதலில் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கள் செம்மண் காய்ந்துவிட்டால் எர்த் சரியாகப் பிடிக்காது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் அளந்தார். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை; அப்படியும் மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் இடையில் 170 வோல்ட்டுக்கு இறங்கியது, பிறகு 290க்கு ஏறியது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் மட்டும் வழக்கமான 230ஐ ஒட்டியே நின்றது. "வீட்டையே பிரித்து வைத்த பிறகும் ஆடுகிறதென்றால் கோளாறு உள்ளே இல்லை டீச்சர். கம்பத்தில் நியூட்ரல் விட்டிருக்கிறது" என்றார். (இதை நீங்களே செய்துபார்க்க வேண்டாம். மீட்டரின் சீலில் யாரையும் கைவைக்கவும் விடாதீர்கள். சீல் உடைந்தால் அது தனி வழக்காகிவிடும்.)

நியூட்ரல் விட்டுப்போனால், வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகளும் 400க்கும் மேற்பட்ட வோல்ட்டைப் பாகப்பிரிவினை போலத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கின்றன. மோட்டார் ஓடும் வீட்டுக்குக் குறைந்த பங்கு. ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குக் கூடுதல் பங்கு. அன்றைக்கு அந்த ஒற்றை விளக்கு வீடு எங்களுடையது.

பொறுப்புக் கணக்கு இதுதான். கம்பம், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் எல்லாம் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வரும் மெயின் சுவிட்ச், உள் வயரிங், எர்த் குழி நம் பொறுப்பு. சர்வீஸ் வயருக்கு இணைப்பு வாங்கும்போது நாமே பணம் கட்டியிருந்தாலும் அது வாரியத்தின் சொத்து. பராமரிக்க வேண்டியதும் அவர்கள்தான். இந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தேவைப்படும்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, அதாவது 94987 94987 என்ற எண்ணுக்கு, அழைத்தேன். 2021 முதல் இருக்கும் சேவை. இணைப்பு எண்ணைக் கேட்டார்கள், புகார் பதிவானது, குறுஞ்செய்தி வந்தது. அதுவரை சுகம். மறுநாளே இன்னொரு குறுஞ்செய்தி: புகார் முடிக்கப்பட்டது. யாரும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. அந்த இரவில்தான் கம்ப்ரசர் போனது.

இதன் பிறகுதான் காகிதத்துக்கு மாறினேன். எலக்ட்ரிஷியன் அளந்த எண்களை, தேதி, நேரம், அவர் கையெழுத்துடன் உதவிப் பொறியாளருக்குக் கடிதமாக எழுதினேன். பக்கத்து வீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டார். நகலில் முத்திரை கேட்டபோது, முத்திரை இருக்கும் மேசைச் சாவி விடுப்பில் போனவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். நல்லது என்று சொல்லிவிட்டு, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினேன். அட்டையில் கையெழுத்துப் போட மட்டும் சாவி தேவைப்படவில்லை.

லைன்மேன் வந்தார். வந்ததும், "சர்வீஸ் வயர் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கித் தாருங்கள், மாற்றிவிடலாம்" என்றார். மனப்பாடம் செய்த வரியை ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு ஏணியை எடுத்தார். மேலே போனவர், நியூட்ரல் கம்பியின் ஜம்பர் (இணைப்புத் துண்டுக் கம்பி) கையோடு வந்துவிட்டது என்று அங்கிருந்தே கத்தினார். கடல்காற்று தின்றது போக மீதி இருந்தது வெள்ளைப் பொடிதான். புதிய இணைப்புப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

லைன்மேன்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தையே இருட்டில் தள்ளியபோது, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்கள் மழையில் நனைந்தபடி கம்பம் நட்டதை இந்த ஊரே பார்த்தது. என் கோபம் கம்பத்தின் மேல் ஏறுகிறவர்மேல் இல்லை, ஏற வேண்டாம் என்று மேசையிலிருந்தே தீர்ப்பு எழுதுகிறவர்மேல்தான்.

இப்போது நஷ்டஈட்டுக்கு அலைகிறேன். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. எங்களுக்கு அது நாகர்கோவிலில். அங்கே சரிவராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எங்கே போனாலும், பழுது பார்ப்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் மெக்கானிக் "நமக்கெதற்கு டீச்சர் வம்பு" என்று நழுவினார். கெஞ்சிக் கேட்டபின், 'அதிக மின்னழுத்தத்தால் கம்ப்ரசர் எரிந்தது' என்று பில்லின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். கருகிய பலகையையும் பழைய இரும்புக்காரரிடம் போடவில்லை, அட்டைப் பெட்டியில் கிடக்கிறது.

மனு தயாராகிவிட்டது. அதன் முதல் இணைப்பு, யாரும் வந்து பார்க்காமலே புகார் முடிக்கப்பட்டது என்று வந்த அந்தக் குறுஞ்செய்தியின் அச்சுப்பிரதி.