எடைச் சீட்டும் வசன அட்டையும்

லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் வேலை பார்க்கிறவனுக்கு வேதாகமத்தின் நீதிமொழிகள் 11:1-ஐ யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." எங்கள் பக்கம் புத்தாண்டு ஆராதனையில், அந்த ஆண்டுக்குக் கடவுள் தரும் வாக்கு என்று வாக்குத்தத்த வசன அட்டை ஒன்றை எடுப்பது வழக்கம். ஆசீர்வாதம், சமாதானம், விடுதலை என்று எல்லாம் எனக்கு வந்திருக்கிறது. இந்த வசனம் மட்டும் வந்ததே இல்லை. அட்டை அச்சடிக்கிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை என்று நினைக்கிறேன். சேர்த்தால் யார் வாங்குவார்கள்?

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் போய்வரும் சாலையோரம் இருக்கிறது நான் வேலை பார்க்கும் மேடை. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது எங்கள் பகுதிதான் என்பதால், சீசனில் வண்டிகளுக்குக் குறைவிருக்காது. காலி வண்டியை ஒரு தடவை ஏற்றி எடை எடுப்போம். லோடோடு வரும்போது இன்னொரு தடவை. இதிலிருந்து அதைக் கழித்தால் வருவது சரக்கின் எடை. சின்னப் பிள்ளை போடும் கணக்கு.

ஆனால் அந்தக் கழித்தலுக்குள் எத்தனை விளையாட்டு! காலி எடைக்கு வரும்போது டேங்கில் டீசல் அடியில் கிடக்கும், ஸ்டெப்னி எங்கோ கழற்றி வைக்கப்பட்டிருக்கும், கிளீனர் டீக்கடையில் இருப்பான். லோடு எடைக்கு வரும்போது டேங்க் நிறைந்திருக்கும், ஸ்டெப்னி திரும்பி வந்திருக்கும், கிளீனர் கேபினுக்குள் படுத்துத் தூங்குவான். 200 லிட்டர் டீசல் என்றாலே 160 கிலோவுக்கு மேல் வரும். அத்தனையும் உப்பாக மாறி பில்லில் ஏறிவிடும். குறைத்துக் காட்ட வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. சக்கரத்தை மேடையின் விளிம்பில் பாதி ஏற்றி நிறுத்தினால் போதும். இப்படி வரும் வண்டிகளில் பல, முகப்புக் கண்ணாடியில் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று ஒட்டியிருப்பவை. மற்ற சாமிகளின் வண்டிகளும் வரும், அதில் பாகுபாடு இல்லை.

மேடைக்கே ஒரு நோய் உண்டு. உப்பும் சேறும் அடியில் போய் அடைந்தால், வண்டி ஏறாதபோதே திரையில் 20, 30 கிலோ நிற்கும். மழைக்காலத்தில் இது தினப்பாடு. ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். மற்ற நாட்களில் பூஜ்யம் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்ப்பது கேபினில் உட்கார்ந்திருக்கிறவன் பொறுப்பு. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். முப்பது டன் வண்டிக்கு முப்பது கிலோ ஒரு பொருட்டா? யாரும் கேட்கப் போவதில்லை. என் அனுபவத்தில் மனசுக்கு வரும் சோதனை என்பது லட்ச ரூபாயாக வந்து நின்றதே இல்லை. எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுக்கச் சோம்பலாக இருக்கும் மத்தியான நேரத்தில் முப்பது கிலோவாகத்தான் வரும்.

ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் ஒரு கூட்டம் வருகிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம், தானியம் அளக்கும் மரக்காலைக் குறைக்கலாம், கள்ளத்தராசு பிடிக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள், அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. ஒழுங்காக ஆசரிக்கிறார்கள், கடையைத் திறக்காமல்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிய அதிகாரம் அது. நம் பிரசங்கங்களில் அது அதிகம் வராததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஒரு காலத்தில் 'இரண்டு சீட்டு' கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 என்று ஆக்கிய பிறகு வந்த பழக்கம் இது. வழியில் காட்டக் குறைந்த எடையில் ஒரு சீட்டு, சரக்கு வாங்கும் பார்ட்டிக்கு உண்மையான எடையில் ஒன்று. நான் போட மாட்டேன் என்றேன். முதலாளி கத்தவில்லை. "எல்லா மேடையிலயும் போடுறாங்க, நீ மட்டும் என்ன" என்று முணுமுணுத்துவிட்டு, ராத்திரி ஷிப்டுக்கு வேறொரு பையனை வைத்துக்கொண்டார். அவன் போடுகிறான். என் சாட்சியால் மேடை திருந்திவிட்டது என்று சபையில் எழுந்து சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் அங்கே ஏன் இருக்கிறாய் என்று ஜெபக்குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. லூக்கா 3-ல் வரி வசூலிக்கும் ஆயக்காரர் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்கிறார், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் பகல் ஷிப்டில் இருக்கிறேன். இது முழுப் பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். வீட்டு வாடகையும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

'பிரதர்' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து எடையை மாற்றிப் போடச் சொல்கிறவர்களைச் சமாளிப்பது சுலபம். "பிரதர்ங்கிறதாலதான் போடல" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் உண்மை பேசுவதால் நஷ்டம் எனக்கு வந்தால் தாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். நஷ்டம் எதிரில் நிற்கிறவனுக்குப் போகும்போது என்ன செய்வது?

ஒரு சீசனில் அவசரமாக ஏற்றிய உப்போடு ஒரு வண்டி வந்தது. பின்பலகையின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அறுபதை நெருங்குகிறவர். கேபின் ஜன்னலருகே வந்து நின்றார். "தம்பி, போன நடையில ஷார்ட்டேஜ்னு என் பேட்டாவுலயே பிடிச்சுட்டாங்க. கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, போய்ச் சேரும்போது சரியா இருக்கும்." அவர் திருடவில்லை. ஈர உப்பு வழியெல்லாம் வடியும், இறக்குமிடத்தில் எடை குறையும், பார்ட்டி டிரைவரைப் பிடிப்பான். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் நான் குறைத்துப் போட்டால் உப்பளக்காரருக்கு அந்தப் பணம் போய்விடும். அவரும் பெரிய ஆள் கிடையாது, குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்.

மேடையில் இருந்த எடையையே போட்டேன். ஆனால் அந்த எண்ணைச் சீட்டில் அடித்துக் கொடுத்ததோடு என் உண்மை முடிந்துபோகிறதா என்று உறுத்தியது. சீட்டின் அடியில் பேனாவால், 'ஈர உப்பு, எடை போடும்போதே நீர் வடிகிறது' என்று எழுதி, நேரம் போட்டு, மேடையின் சீலை வைத்தேன். வண்டி ஏறுமுன் திரையில் பூஜ்யம் இருப்பதையும் டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தேன். முதலாளிக்கு இதில் செலவு இல்லாததால் ஆட்சேபணையும் இல்லை.

அந்தப் பெரியவருக்கு அந்த நடையில் பாதிதான் பிடித்தார்களாம். சில பார்ட்டிகள் குறிப்பை மதிக்கிறார்கள். சிலர், எடை மேடைக்காரன் எழுதுவதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று தூக்கிப் போடுகிறார்கள். அதற்குள் விஷயம் டிரைவர்களிடையே பரவிவிட்டது. போன மாதம் ஒரு பையன் வந்து, "அண்ணே, எனக்கும் அதை எழுதிக் குடுங்க" என்றான். இறங்கிப்போய்ப் பின்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பாகக் காய்ந்திருந்தது. எழுத மாட்டேன் என்றேன். "அவருக்கு மட்டும் எழுதுறீங்க, எனக்கு எழுத மாட்டீங்களோ" என்று சத்தம் போட்டுவிட்டு, அடுத்த நடையிலிருந்து வேறு மேடைக்குப் போய்விட்டான்.