தாழ்வாரத்து அடினியம்

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் காலை வெயில் நேராக விழும் மூலையை பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஆப்பிரிக்காவின் சகேல் வட்டாரத்திலும் அரபுத் தீபகற்பத்திலும் இயல்பாக வளரும் இச்செடி, பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வறட்சியைத் தாங்கிவிடும். ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் ஈரமே அதற்குப் பெரும் பகை. ஆகவே தோட்ட மண்ணைக் குறைத்து, பருமணலும் பெர்லைட்டும் (நீர் எளிதில் வடிய உதவும் வெண்ணிற எரிமலைக்கல் துகள்) கூடுதலாகக் கலந்து, விரல் விட்டுப் பார்த்து உள்மண்ணும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுகிறேன். அடித்தண்டு கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் அதை உடனே கொட்டிவிடுங்கள். கிளையை வெட்டினால் வடியும் பால் நச்சுடையது. சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் மிகுந்த கவனம் தேவை.