ஒப்புப் போடும் முன்

விவாகரத்தோ போலீஸ் கேஸோ, நாகர்கோவில் கோர்ட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். வந்தவரைக் காப்பாற்றும் என்று நம்பி வைத்திருக்கும் காகிதமே பல நேரம் அவருக்கு எதிராக நிற்கும்.

முத்திரைத்தாள் பிரிவுப் பத்திரம் அப்படிப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து, நோட்டரி சீல் எல்லாம் இருக்கும். திருமணம் மட்டும் அப்படியே இருக்கும். அதை நம்பி மறுமணம் செய்தால் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 82-இன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. சாதி வழக்கப்படியான பிரிவை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறதே என்பார்கள். ஏற்கிறது, ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக இருந்ததை நிரூபிப்பது லேசல்ல.

திருச்சபைத் தீர்ப்பாயம் தரும் 'திருமணம் செல்லாது' உத்தரவும் சர்ச்சுக்குள் மட்டுமே செல்லும். உச்ச நீதிமன்றம் 2017-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம்தான் வழி. அதன் 10ஏ பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 2 ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் அதை 1 ஆண்டாகப் படித்தது. எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள பாறசாலைச் சொந்தக்காரர் சொன்னார் என்று அதே கணக்கில் கிளம்பாமல், இங்குள்ள நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு மனுப் போடுவதே புத்தி.

இந்துக்களுக்குப் பரஸ்பர சம்மதத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி: 1 ஆண்டு பிரிவு, முதல் மனு, 6 மாதம் கழித்து இரண்டாவது மனு. கணவர் வளைகுடாவில் இருந்தால் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் சிக்கும். லீவு அதற்குள் முடிந்துவிடும். பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகி, சமரசம் தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளைகள் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால், அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு 2017 தீர்ப்பு). காணொலி வழி ஆஜராகவும் மனுப் போடலாம். டிக்கெட் போடும் முன்பே இதையெல்லாம் பேசிவிட வேண்டும்.

இனி ஸ்டேஷன். 'கேஸ் கொடுத்தாச்சு' என்று காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். ஆகாது, மனு வாங்கியதற்கான அத்தாட்சி, அவ்வளவே. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதி, தபால் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஸ்.பி. கட்டத்தைத் தாண்டி நேரே போன மனு திரும்பி வரும்.

கணவர் வீட்டுக் கொடுமைக்கு இப்போது பி.என்.எஸ். 85. 3 ஆண்டு வரைதான் தண்டனை என்பதால் உடனே கைது என்பது விதியல்ல. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ் வரும். அதற்கு ஆஜரானவரைக் கைது செய்ய, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிட்டு மறக்கிறவர்தான் மாட்டுவார். கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டபின் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் யாரும் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டியதில்லை (பி.என்.எஸ்.எஸ். 181).

அதிகம் கெடுவது மகளிர் ஸ்டேஷன் பேச்சுவார்த்தையில்தான். 'நகை எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து பிரித்தால் கைச்செயின் இருக்காது. ஆரம், வளையல், மோதிரம் என்று ஒவ்வொன்றையும் பவுன் எடையோடு எழுதி, வந்தது எது, வராதது எது என்று பிரித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. கடை பில்லும் கல்யாண ஆல்பமும் அதற்குத்தான்.

ஜீவனாம்சத்தில் ஒரு கணக்கு பலருக்குத் தெரியாது. பி.என்.எஸ்.எஸ். 144-இன் கீழ் உத்தரவான பணம் வராவிட்டால், அது சேர வேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் போனால், பழைய மாதங்களுக்கு இந்தப் பிரிவில் வாரண்டு கிடைக்காது.

பெண்களுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். போனில் என்றால் 15100. அங்கே போகும்போது ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் கவரிலேயே இருக்கட்டும்.