பதினேழாவது குவளை

நீலகிரியின் மேற்குப் பக்கம், ஒரு அணை முகாமில் பதினாறு வருஷம் மழைக்கணக்கு எழுதினேன். காலை 8.30க்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குவளை ஒரு தடவைக்கு 20 மி.மீ.தான் பிடிக்கும். ஒரு ஆகஸ்ட் காலை, ஒரு கையில் குடை, ஒரு கையில் குவளை, ஊற்றி ஊற்றி எண்ணியதில் பதினாறா பதினேழா என்று விட்டுப்போனது. அளந்த தண்ணீரைத்தான் கொட்டியாயிற்றே, திரும்ப எங்கே அளப்பது? பதினேழு என்று வைத்து 340 என எழுதிவிட்டேன். அந்த 20 மி.மீ. ரொம்ப நாள் உறுத்தியது.

உண்மையில் நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். செப்டம்பரில் கோடைக்கான நீர் மதிப்பீடு எழுதுவதும் என் வேலைதான். பழைய நோட்டுகளைப் புரட்டி, இத்தனை மழை பெய்தால் மார்ச்சில் ஏரியில் இத்தனை அடி நிற்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்த வருஷ மொத்தம் சராசரியைத் தாண்டியதால் கவலையில்லை என்று எழுதினேன். ஆனால் அதில் பாதி நாலே நாளில் கொட்டியது, ஏரி நிரம்பி மதகு வழியாகப் போனது, மண்ணில் இறங்கியது கொஞ்சம்தான். ஜனவரியில் எங்கள் வாட்ச்மேன் அண்ணன், பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), "சார், சதுப்புல கால் புதையவே மாட்டேங்குது" என்றார். நான் நோட்டைக் காட்டினேன். மார்ச்சில் ஏரியோரம் பழைய அடிமரங்கள் வெளியே தெரிந்தன, நான் எழுதியதற்கு ஒன்பது அடி கீழே.

சித்தப்பா பையன் அமெரிக்காவில் ரீனோவில் இருக்கிறான். புலம்பியபோது அவன் ஊர்க் கதை ஒன்று சொன்னான். பக்கத்து மவுண்ட் ரோஸ் மலையில், 1900களின் தொடக்கத்தில், ஜேம்ஸ் சர்ச் என்பவர் பனிக்குள் குழாயைக் குத்தியெடுத்து எடைபோட்டு, உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தாராம். மனுஷன் லத்தீன் வாத்தியார், அதுதான் எனக்குப் பிடித்தது. அங்கே பனிதான் மலைமேல் தொட்டி. ஏப்ரல் 1 வாக்கில் அளந்து கோடையைக் கணிப்பார்கள். 2015ல் கலிஃபோர்னியா முழுக்க சராசரியில் 5 சதவீதம்தான் பனி, ஆளுநர் அளவிடும் இடத்தில் வெறும் புல்லில் நின்றார். சரி, கண்ணுக்கெதிரே பனி இல்லையென்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். எனக்கு உறைத்தது 2021தான்: பனி ஓரளவு இருந்தது, உருகவும் செய்தது, ஆனால் காய்ந்து கிடந்த மண் குடித்துவிட்டதில் கணித்த தண்ணீர் அணைக்கு வந்து சேரவில்லை. குழாயும் தராசும் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி.

நமக்கு அந்தத் தொட்டி கிடையாது. டிசம்பரில் ஊட்டி உறைபனியை டி.வி.க்காரர்கள் 'மினி காஷ்மீர்' என்று காட்டுவதோடு சரி, ஒன்பது மணி வெயிலில் காணாமல் போய்விடும். இங்கே மழையைப் பிடித்துவைத்து மாசிவரை கசியவிடுவது சோலையும் புல்வெளியும் இடையில் கிடக்கும் சதுப்பும். புல்வெளியில் நிறைய இடத்தில் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டுவிட்டோம். இருக்கிற சதுப்புக்கும் நாலு நாள் பேய்மழையைவிட நாற்பது நாள் தூறல்தான் தோது. என் நோட்டில் மொத்தம் இருந்தது, அது எப்படிப் பெய்தது என்பதற்கு இடமே இல்லை.

அடுத்த வருஷத்திலிருந்து மழை நாட்களைத் தனியாக எண்ணினேன். அப்புறம் ஜனவரிப் பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், 'சதுப்பில் கணுக்கால் வரை' என்று எழுத ஆரம்பித்தேன், வாட்ச்மேன் அண்ணன் கால்தான் அளவு. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, "கணுக்கால்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார்.