முகம் தேய்ந்த ரோமானியக் காசு: பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

அகழாய்வில் கிடைக்கும் கி.பி. 4-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகளில் பேரரசர் பெயர் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். பின்புறக் காட்சிதான் கைகொடுக்கும். இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள் என்றால் 330–335. ஒரே கம்பம் என்றால் அதற்குப் பிந்தியது. குதிரையோடு சாயும் எதிரியை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348 வாக்கில் தொடங்குகிறது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்வது 388-ஐ ஒட்டித் தொடங்கிய பொடிக்காசு: 12–14 மி.மீ., ஏறக்குறைய 1 கிராம்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். மங்கிய எழுத்து நிழலாக எழும். பின்புறக் காட்சியின் அடிக்கோட்டுக்குக் கீழே, காசு அடித்த அக்கசாலையின் குறி இருக்கும்: 'ஏஎன்டி' (ANT) அந்தியோக்கியா, 'ஏஎல்இ' (ALE) அலெக்சாந்திரியா. காசு அடித்த தகடு அச்சைவிடச் சிறிதானால் அந்தக் குறியே விழுந்திருக்காது.

தயவுசெய்து புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். உருவம் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான். அது போனால் வெறும் தகடுதான் மிஞ்சும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் குளோரைடு அரிப்பு: காசைத் தனியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

இலங்கையில் இக்காசுகளைப் பார்த்து அடித்த உள்ளூர்ப் போலிகளும் ஏராளம். அவற்றில் எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். மூலக்காசின் ஆண்டை அப்படியே அவற்றுக்குக் கொடுக்கக்கூடாது.