ஆஃப் செய்ய ஒரு வசதி இருந்தது

"நான் ஆஃப் பண்ணினா, ஆஃப் பண்ணிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே தம்பி?"

எங்கள் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்ன யூஸர் டெஸ்டிங்கின்போது, களப்பணியாளரான ஓர் அக்கா தன் மேற்பார்வையாளரை நினைத்துக் கேட்டது இது. "அது உங்க விருப்பம்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டேன். குறிப்பில் 'செய்தியைப் படித்ததைக் காட்டும் நீல டிக் புரிகிறது, ஆஃப் செய்யும் இடம் தெரிகிறது' என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான். அவர் கேட்ட கேள்வி மட்டும் அதில் இல்லை.

பணி ஒதுக்கும் செயலியில் மெசேஜ் பகுதி எங்கள் பொறுப்பு. மேற்பார்வையாளர் அனுப்புவதைக் களப்பணியாளர் படித்துவிட்டாரா என்று தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். நான் எதிர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனே நான். வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்தபோது பலரும் முகம் சுளித்தார்கள். சீக்கிரமே அதை ஆஃப் செய்யும் வசதியும் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: நீங்கள் மறைத்தால், அடுத்தவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. மீட்டிங்கில் இதை எடுத்துக் காட்டி, "ரெண்டு பக்கத்துக்கும் ஒரே விதி" என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. டீஃபால்ட்டாக ஆன், வேண்டாதவர் ஆஃப் செய்துகொள்ளட்டும் என்று முடிவானது.

இரண்டு நண்பர்களுக்கு நடுவே அது நியாயமான விதி. ஒருவர் இன்னொருவருக்கு வேலை ஒதுக்குகிற இடத்தில் அதே விதியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. பத்துப் பேருக்கு நீலமாகிற டிக் ஒருவருக்கு மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றால், அதுவே மேலே போகும் ஒரு செய்தி. அந்த அக்காவுக்கு இது அரை நிமிடத்தில் புரிந்தது. இத்தனை வருடமாகத் திரைகள் வரைகிற எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் அடுத்த திரைக்குப் போனேனா? அதுதான் இன்னும் தெளிவாகவில்லை.

செயலி வெளியானபின் ஆட்கள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். சிலர் திறக்காமல் நோட்டிஃபிகேஷனிலேயே படித்தார்கள். வேறு சிலர் செய்தி வந்ததும் திறந்து, ஒரு நொடிகூட ஆகாமல் மூடினார்கள். டிக் நீலமாகிவிடும், படித்தது யார்? செயலியின் பயன்பாட்டுப் பதிவான லாகில் அந்த ஒரு நொடித் திறப்புகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆஃப் செய்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை என்று தரவு வந்தது. 'பயனர்கள் இந்த வசதியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று ஸ்லைடு போட்டவன் நான்தான். எண் சரியானது. வாக்கியம்தான் பொய்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த பதிப்புக்கான சோதனைக்கு அதே அக்கா வந்திருந்தார். ஏன் ஆஃப் செய்யவில்லை என்று கேட்டேன். மேற்பார்வையாளருக்குப் பயந்துதான் என்பார் என்று எதிர்பார்த்தேன். "லீவு கேட்டு அனுப்பினதை அவர் பார்த்துட்டார்னு எனக்கு அத்தாட்சி வேணும்ல? முன்னாடியெல்லாம் எனக்கு வரவே இல்லைன்னு சொல்லிடுவார்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. நல்லதுதான் செய்திருக்கிறோம் போல என்று தோன்றியது. அந்த நிம்மதியின் அளவைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது. ராத்திரி வரும் செய்தி நீலமாகிவிட்டால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தொழில்நுட்பத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த ட்ரெவர் பின்ச், வீபே பைக்கர் இருவரும் 1984இல் எழுதிய ஒரு கட்டுரையில் பழைய உயரச் சக்கர சைக்கிளைப் பற்றிச் சொல்வார்கள். துணிச்சலான இளைஞர்களுக்கு அது வீரம் காட்டும் வண்டி, மற்றவர்களுக்கு விழுந்து அடிபடும் வண்டி. ஒரே பொருள், ஆளுக்கு ஆள் வேறு. படித்தபோது வெவ்வேறு கூட்டத்துக்கு வெவ்வேறு அர்த்தம் என்றுதான் விளங்கிக்கொண்டேன். ஒரே அக்காவுக்குப் பகலில் அத்தாட்சியாகவும் ராத்திரியில் அதட்டலாகவும் அதே டிக் இருக்க முடியும் என்பது அப்போது தோன்றவில்லை. அவர் பக்கம் பேசுகிறேன் என்று நான் அந்த டிக்கையே எடுக்கச் சொல்லியிருந்தால், அவருடைய அத்தாட்சியும் போயிருக்கும். இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு மாற்றம் எழுதி அனுப்பினேன்: லீவு விண்ணப்பங்களுக்கு டிக் எப்போதும் இருக்கட்டும், பணி நேரம் முடிந்தபின் வரும் செய்திகளுக்கு யாருக்குமே டிக் வேண்டாம். பெரிய வேலை இல்லை. ப்ராடக்ட் மேனேஜர் அதன் கீழே ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார்: "இப்போ எத்தனை பேர் ஆஃப் பண்ணியிருக்காங்க?"

பதிலுக்கு என் ஸ்லைடையே இணைத்திருக்கிறார்.