காற்று மாறினால் நெஞ்சு அடிக்கிறது

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஓகிப் புயலில், கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காததால், அடக்கம் செய்து அழுது தீர்க்கவும் பல குடும்பங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. அந்தக் கரையில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகள் அப்படித் தம் கொழுந்தனை இழந்தவர். இன்றும் வானம் கறுத்துத் தென்னை ஓலைகள் சலசலக்கத் தொடங்கினால், அவருடைய தோள்கள் தாமாகவே உயர்ந்துவிடும், உள்ளங்கை வியர்க்கும், அடுப்பில் வைத்ததை மறந்து வாசலுக்கு வந்து நிற்பார். “பயமா அக்கா?” என்றால், “பயமொண்ணும் இல்ல, நெஞ்சுதான் அடிக்குது” என்பார்.

அவர் சொல்வது சரிதான். ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, நாம் எண்ணிப் பார்க்கும் முன்பே உடலைத் தற்காப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுவதால், “மனதைத் தேற்றிக்கொள்” என்ற ஆறுதல் அந்நேரத்தில் காதில் ஏறுவதில்லை. தானாக இயங்கும் உடற்செயல்களில் மூச்சு ஒன்றுதான் எளிதில் நம் பிடிக்குள் வரும். அதை நீட்டி வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது.

இதற்கு நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறி யோகா வகுப்பு தேட வேண்டியதில்லை. லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரிடம் செய்து 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், இலத்தீனில் செபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் ஓதியபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதய இயக்கமும் அதற்கு இசைந்து சீரானது. அக்கா வீட்டில் மாலையில் ஒருவர் “அருள் நிறைந்த மரியே” என்று முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் “தூய மரியே” என்று தொடங்கி ஒரே மூச்சில் பின்பாதியை முடித்துவிட்டு, அடுத்த முறை வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் மூச்சு நிதானமாக உள்ளே இழுபடுகிறது. (அடுப்பு நினைவிலேயே அவசரமாகச் சொல்பவர்களின் கதை வேறு.)

ஆனால் கண்ணை மூடித் தியானம் செய்தால் எல்லாம் தீரும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்குக் கண்ணை மூடியதும் அந்தக் காட்சியே எழுந்து வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே பாதங்களைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் அந்நேரத்துப் படபடப்பைத் தணிக்கும், சிகிச்சைக்கு ஈடாகமாட்டா. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண்ணசைவு வழியான இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் ஆகும். நம்மவர்கள் பலர் நெஞ்சுவலி என்றும் உறக்கமில்லை என்றும்தான் மருத்துவரிடம் போகிறார்கள், இ.சி.ஜி. சரியாக இருந்தால் “ஒன்றுமில்லை” என்று கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லப்பட்டால் அன்றைக்கே மனநல மருத்துவருக்கும் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை பேசுவதற்கு 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.